பந்து பெண்கள் கையில், கணக்கு யார் கையில்?

பல்கலைக்கழகப் பெண்கள் சாப்ட்பால் அணிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில், ஆட்டத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. கூட யார் போவார்கள், செலவை யார் ஏற்பார்கள், படிப்பு என்ன ஆகும் என்று கேட்டவர்களே மிகுதி. மதுரைக் கல்லூரியொன்றில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், எனக்கு அனுபவமுள்ள கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழில் என் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, என் மகள் மதுரையில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பல்கலைக்கழக சாப்ட்பால் அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். வெளிமாநிலத்துக்கு ஒரு வாரம் போக வேண்டுமாம். "பொம்பளப் பிள்ளையை யாரை நம்பி அனுப்புறது?" என்கிறார் அவள் அப்பா. இது என்ன விளையாட்டு, கூட யார் போவார்கள்?
— ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலின் குடும்பத்தில் பிறந்தது சாப்ட்பால். 1887-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், கூரைக்குள் ஆடும் ஆட்டமாகத் தொடங்கியது. அணிக்கு ஒன்பது பேர், ஏழு இன்னிங்ஸ். பந்தை அடித்தவள் ஓடிச் சேர வேண்டிய இடத்துக்குப் பேஸ் என்று பெயர்; ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 60 அடி. பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசுபவள் 43 அடி தூரத்தில் நிற்பாள். பெயர்தான் சாப்ட்பால், 12 அங்குலச் சுற்றளவுள்ள அந்தப் பந்து மென்மையானதன்று. தோளுக்கு மேலே கையைக் கொண்டுபோய் எறியக் கூடாது. சித்திரைப் பொருட்காட்சியில் சுற்றும் ராட்டினம்போலக் கை முழு வட்டம் சுற்றி, இடுப்பருகே பந்தை விட வேண்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களுக்கான போட்டியாகச் சேர்க்கப்பட்டது. 2008-க்குப் பின் நீக்கப்பட்டு, டோக்கியோவில் மீண்டும் ஆடப்பட்டு, பாரிஸில் விடப்பட்டு, 2028 லாஸ் ஏஞ்சலிஸில் திரும்பவும் இடம்பெறுகிறது.

இனி உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அது தவறான கேள்வி அன்று. இணைவுக் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளிலிருந்து வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்து, முகாம் நடத்தி, பல்கலைக்கழகத்தின் பெயரில் அணியை அனுப்புவார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கீழ், ஏதேனும் ஒரு பல்கலைக்கழகம் பொறுப்பேற்று நடத்தும் போட்டி அது. அணியுடன் பயிற்சியாளர் ஒருவரும் மேலாளர் ஒருவரும் செல்வார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கிறாரா என்று கேளுங்கள். பெயரளவில் பட்டியலில் இருந்தால் போதாது, போகும் வண்டியிலும் தங்கும் அறைக்குப் பக்கத்திலும் அவர் இருக்க வேண்டும். பயணச்சீட்டின் நகல், தங்குமிடத்தின் பெயர், மேலாளரின் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் புறப்படுவதற்கு முன்பே உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக்குழு 2015-இல் கொண்டுவந்த விதிமுறைகள், கல்லூரிச் சுற்றுச்சுவருக்குள் மட்டுமின்றி, மாணவிகள் கல்லூரியின் சார்பில் போகும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் பயணங்களுக்கும் பொருந்தும். வெளியூரில் நடந்தது என்று சொல்லி உள் புகார்க் குழு கையை விரிக்க முடியாது.

இவற்றையெல்லாம் கேட்டு, ஒழுங்கான பதில் கிடைத்தால், பிள்ளையைத் தயங்காமல் அனுப்புங்கள்.

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். கபடி முதல் தடகளம் வரை எல்லா ஆட்டங்களுக்கும் நான் ஒருவனே. பெண்கள் சாப்ட்பால் அணிக்கென்று முதல் முறையாக நிர்வாகம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. நல்ல மட்டைகளும் கிளவ்களும் வாங்கிவிடலாம் என்று முதல்வர் சொல்கிறார். தங்கள் ஆலோசனை என்ன, மேடம்?
— உடற்கல்வி இயக்குநர், திருமங்கலம் வட்டம்

பதில்: முதல்வர் சொல்வதை மரியாதையுடன் மறுக்கிறேன். மட்டை அலமாரியில் இருக்கும். அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர வைகறை ஆறு மணிக்கு மைதானத்தில் யார் இருப்பார்கள்? தாங்கள் ஒருவரே எல்லா ஆட்டங்களையும் பார்க்கிறீர்கள். கபடி அணி வெளியூர் போகும் வாரத்தில் சாப்ட்பால் பெண்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வகுப்புக்குப் போவார்கள். ஒரு மூத்த மாணவி தானாகவே பொறுப்பெடுத்து இரண்டு ஆண்டு அணியைத் தூக்கி நிறுத்துவதும், அவள் பட்டம் வாங்கிப் போனதும் அணி கலைவதும் நான் பலமுறை பார்த்தவை. பணிக்காலத் தொடக்கத்தில் நானே அந்தத் தவற்றைச் செய்தேன். கிடைத்த முதல் பணத்தில் பளபளப்பான அலுமினிய மட்டைகள் வாங்கினேன். மூன்றாம் ஆண்டு அவற்றை வெளியே எடுத்தபோது, அவற்றை வீசத் தெரிந்த பிள்ளை ஒருத்திகூட இல்லை.

ஆகவே, முதலில் ஆளுக்கு, அடுத்து வயிற்றுக்கு, அதன் பிறகே பொருளுக்கு. கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் என் உத்தேசம், உங்கள் ஊர் விலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சாப்ட்பால் ஆடிய, முடிந்தால் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் முடித்த ஒரு பெண்ணைப் பகுதிநேரப் பயிற்சியாளராக மாதம் 10,000 ரூபாய்க்கு எட்டு மாதம் அமர்த்தினால் 80,000 ஆகும். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு 30 ரூபாய்க்குள் அவித்த முட்டையும் கடலையும் வாழைப்பழமும் என்று, 16 பேருக்கு 120 நாள் கொடுத்தால் 57,600. இந்த வரியைப் பார்த்ததும் கணக்குப் பிரிவில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கிராமத்திலிருந்து முதல் பேருந்து பிடித்து வரும் பெண்கள் வீட்டில் ஒரு வாய்க் காப்பியோடுதான் கிளம்பியிருப்பார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் 2021-இலிருந்து இருப்பதால் டிக்கெட்டுக்குத் தட்டுப்பாடில்லை. தட்டுப்பாடு காலை உணவுக்கே. ஒன்பதரை மணி வகுப்பில் அவர்கள் தலை சாய்வதற்குச் சோம்பல் காரணமன்று.

மீதி 62,400 ரூபாயில் 40,000-ஐப் பொருள்களுக்கு ஒதுக்குங்கள். அதிலும் முதலில் வாங்க வேண்டியவை, மட்டையாடுபவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கான முகக்கவசம், மார்புக்கவசம், கால்கவசம், மட்டையாடுபவர்களுக்கான ஹெல்மெட் ஆகியவை. இவற்றில் பழையதும் வேண்டாம், மலிவும் வேண்டாம். அடுத்து கிளவ்கள். களத்தில் நிற்பவர்கள் ஒன்பது பேர் என்பதால், அணியில் 16 பேர் இருந்தாலும் 11 அல்லது 12 கிளவ்களை வைத்துச் சமாளிக்கலாம். இடக்கைப் பழக்கமுள்ள பெண் இருந்தால் அவளுக்கு வலக்கையில் மாட்டும் கிளவ் தனியாக வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மட்டை மூன்று போதும். முதலுதவிப் பெட்டியோடு சானிட்டரி நாப்கினையும் பட்டியலில் பெயர் சொல்லியே எழுதுங்கள். "இதர செலவு" என்று மறைத்து எழுத வேண்டிய பொருள் அன்று அது. எஞ்சிய 22,400 ரூபாய், கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் நுழைவுக் கட்டணத்துக்கும் போக்குவரத்துக்கும். உங்கள் மாணவி பல்கலைக்கழக அணிக்குப் போனால் அவளது பயணப்படியும் தினப்படியும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு; அதை உங்கள் கணக்கில் ஏற்றாதீர்கள்.

மேலாளரிடம் முன்பணமாகக் கொடுக்கும் தொகைக்குத் திரும்பி வந்த வாரமே பற்றுச்சீட்டுகளோடு கணக்கு முடித்துவிடுங்கள். தினப்படியை ஒவ்வொரு மாணவியும் கையொப்பமிட்டு வாங்கும் தாள் ஒன்று இருக்க வேண்டும். தணிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தனக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதை அந்தப் பெண் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி. முகாமுக்கும் போட்டிக்கும் போனால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். பி.டி. மேடம் ஓ.டி. (பணிநிமித்த வருகைப் பதிவு) தருவதாகச் சொல்கிறார். ஆனால் "ஆடினது போதும், படிப்பைப் பார்" என்கிறார் துறைத் தலைவர். நான் என்ன செய்வது அம்மா?
— மாணவி, மேலூர்

பதில்: உன் துறைத் தலைவர்மேல் கோபப்படாதே, கண்ணு. அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நாம் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள். 75 சதவீதத்துக்கு 68 நாள் வர வேண்டும். அதாவது 22 நாள் விடலாம். முகாமுக்கு 12 நாள், போட்டிக்கு 6 நாள், போக வர 4 நாள் என்றால் 22-ம் தீர்ந்துவிடும், காய்ச்சலுக்கு ஒரு நாள்கூட மிச்சமிராது. எனவே ஓ.டி. என்பது சலுகையன்று, கல்லூரி அனுப்பிய பணிக்குக் கொடுக்க வேண்டிய பதிவு. அதை வாய்மொழியாக வாங்காதே. புறப்படும் முன், தேதிகளைக் குறிப்பிட்டு உடற்கல்வித் துறையிலிருந்து முதல்வர் வழியாக உன் துறைக்கு ஒரு கடிதம் போக வேண்டும். திரும்பிய பிறகு, பங்கேற்புச் சான்றின் நகலைச் சேர்த்து இன்னொரு கடிதம். இரண்டின் நகலும் உன்னிடம் இருக்கட்டும்.

ஆனால் ஓ.டி. வருகைப் பதிவேட்டை நிரப்புமே தவிர, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை நிரப்பாது. தமிழோ வரலாறோ படிக்கும் பெண் தோழியின் குறிப்புகளை வாங்கி எழுதிக்கொள்ளலாம். நீ விட்டுப்போன நிறமாலைமானிச் சோதனையை உனக்காக யாரும் செய்ய முடியாது. முகாம் அறிவிப்பு வந்த அன்றே ஆய்வுக்கூடப் பொறுப்பாசிரியரைப் பார்த்து, எந்தெந்தச் சோதனைகள் விடுபடும் என்று பட்டியல் எடுத்து, அவற்றை முன்கூட்டியோ திரும்பி வந்து சனிக்கிழமைகளிலோ செய்ய அனுமதி கேள். அந்தப் பட்டியலோடு துறைத் தலைவரிடம் போய்ப் பார். அவருடைய குரல் மாறும். விட்டுப்போகும் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு மறுதேர்வு உண்டா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டுக்கொள். பருவத் தேர்வே போட்டி நாளில் வந்துவிட்டால், தேர்வை எழுது. ஒரு தாளில் அரியர் வைத்துவிட்டுக் கோப்பையோடு வருவதை நான் எந்தப் பெண்ணுக்கும் பரிந்துரைத்ததில்லை. பயிற்சியாளர்கள் சிலர் இதற்காக என்மீது வருத்தப்பட்டதும் உண்டு.

கேள்வி: என் பேத்தி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளி இறுதியில் படிக்கிறாள், சாப்ட்பால் நன்றாக ஆடுவாள். உதவித்தொகையோடு பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்கிறார்கள். அங்கே இதெல்லாம் எப்படி நடக்கிறது? முழுப் படிப்பும் இலவசமா?
— ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், கே.கே. நகர், மதுரை

பதில்: வங்கியில் இருந்தவர் என்பதால் தங்களுக்குக் கணக்கின் வழியாகவே சொல்கிறேன், ஐயா. அங்கே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கீழ் மூன்று பிரிவுகள் உள்ளன. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை. முதல் பிரிவில், 2024-25 வரை ஒரு சாப்ட்பால் அணிக்கு 12 முழு உதவித்தொகைகளுக்கு மேல் தரக்கூடாது என்ற வரம்பு இருந்தது. அதை 20 பேருக்கு மேல் கூறுபோட்டுக் கொடுப்பார்கள். எனவே "உதவித்தொகை கிடைத்தது" என்றால் கால் பங்கும் இருக்கலாம், புத்தகச் செலவும் இருக்கலாம். நீதிமன்றம் ஏற்ற ஒரு பெரிய உடன்படிக்கையின் விளைவாக, 2025-26 முதல் அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு நீங்கி, அணியில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. 25 பேருக்கும் முழுத்தொகை தரலாம் என்பதே அதன் பொருள், தருவார்கள் என்பதன்று. எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு, காயம்பட்டால் தொடருமா என்று மூன்றையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலான இடங்களில் சாப்ட்பால் தன் செலவைத் தானே ஈட்டுவதில்லை. அமெரிக்கக் கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும் ஈட்டும் வருவாயும், பல்கலைக்கழகத்தின் மானியமும் கட்டணங்களும் அதைத் தாங்குகின்றன. பெண்கள் அணிகளை நிர்வாகங்கள் எளிதில் கைவிட முடியாமைக்கு முக்கியக் காரணம், கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்து 1972-இல் வந்த ஒன்பதாம் தலைப்பு (டைட்டில் நைன்) என்ற சட்டம். ஆள்களைப் பொறுத்தவரை, முதல் பிரிவில் ஒரு சாப்ட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர், துணைப் பயிற்சியாளர்கள் ஆகியோரோடு, காயங்களைப் பார்ப்பவர், உடல்வலுப் பயிற்சியாளர், படிப்பு ஆலோசகர் ஆகியோரின் துணையும் கிடைக்கும். இங்கே அவர்கள் அனைவரின் வேலையையும் ஒரே பி.டி. மேடம் செய்கிறார், நடுவில் கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுவதையும் மேற்பார்வையிடுகிறார்.

படிப்பு விதிகள் கடுமையானவை. முதல் பிரிவில் சேர, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் நான்குக்குச் சராசரி 2.3 புள்ளியாவது பெற்றிருக்க வேண்டும். சேர்ந்த பிறகு, மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதமும், நான்காம் ஆண்டில் 60 சதவீதமும், ஐந்தாம் ஆண்டுக்குப் போனால் 80 சதவீதமும் முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் களத்தில் இறங்க முடியாது. போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், மற்ற காலத்தில் 8 மணி நேரம் என்று பயிற்சிக்கும் உச்சவரம்பு உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரமாகவே எழுதப்படும்; பேருந்திலும் விமானத்திலும் கழியும் நேரம் அந்த 20-க்குள் வராது. பேத்தி பொறியியலோ மருத்துவத்துக்கு முந்தைய படிப்போ எடுக்க விரும்பினால், அதே பாடம் படித்துக்கொண்டு அந்த அணியில் ஆடும் பெண் எவரேனும் இருக்கிறாரா என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தெற்கு மாசி வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். மகளிர் அணிக்கு ஜெர்சி எடுத்துக் கொடுக்க ஆசை. முதுகில் கடைப் பெயர் போட்டுக்கொள்ளலாமா?
— ஒரு வணிகர், மதுரை

பதில்: கல்லூரி சம்மதித்தால் கல்லூரிப் போட்டிகளுக்குப் போடலாம், பல்கலைக்கழக அணிக்கு அந்தந்தப் போட்டி விதியைப் பார்க்க வேண்டும். ஆனால் அண்ணாச்சி, எல்லோரும் ஜெர்சிதான் கொடுக்கிறார்கள், புகைப்படத்தில் தெரிவதால். ஒரு பயிற்சியாளருக்கு நான்கு மாதச் சம்பளத்தைக் கல்லூரிக் கணக்கில் செலுத்தி இரசீது வாங்கிக்கொள்ளுங்களேன். கம்பெனிச் சட்டத்தின்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்க வேண்டிய கட்டாயம், 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்களுக்கே உரியது. ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அதில் ஏற்கப்பட்ட செலவு. உங்களிடம் மொத்தக் கொள்முதலுக்கு வரும் பெரிய ஆலைக்காரர்களிடம் இதைப் பேச்சுவாக்கில் போட்டு வையுங்கள்.

கேள்வி: சாப்ட்பால் சான்றிதழால் அரசு வேலை கிடைக்குமா? அல்லது கண்ணாடிச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டுவதற்குத்தானா?
— ஒரு தந்தை, வாடிப்பட்டி

பதில்: தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணியில் 3 சதவீத ஒதுக்கீடு உள்ளது. எந்த விளையாட்டு, எந்த நிலைப் போட்டி, எந்த இடம் பெற்றால் தகுதி என்பதை அரசாணையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்பிக்கை வையுங்கள். பல்கலைக்கழகப் போட்டிக்கான சான்றை உரிய படிவத்தில், பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளரின் கையொப்பத்துடன் பெற வேண்டும். வண்ண அட்டையில் தரும் பங்கேற்புச் சான்று அதற்கு ஈடாகாது. ஐந்தாண்டு கழித்துக் கேட்டால் கோப்பு கிடைக்காது, ஆடிய ஆண்டே வாங்கிவிடுங்கள். ஒதுக்கீட்டைவிட நான் அதிகம் நம்புவது இன்னொரு வழியை: பட்டத்துக்குப் பின் இரண்டாண்டு பி.பி.எட்., அடுத்து இரண்டாண்டு எம்.பி.எட்., அதில் 55 சதவீதம், தேசியத் தகுதித் தேர்வு, உடற்திறன் தேர்வு. இவை கல்லூரி உடற்கல்விப் பணிக்கான கதவைத் திறக்கும். பெண்கள் அணிகளுக்குப் பெண் பயிற்சியாளர்கள் இல்லை என்று உசிலம்பட்டித் தாய் முதல் எல்லோரும் கவலைப்படும் இடமும் அதுவே.

கேள்வி: நான் பல்கலைக்கழக அணியில் ஆடியவள்; இப்போது பி.பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். படித்த கல்லூரியில் காலையில் வந்து பெண்களுக்குச் சொல்லித்தரும்படி கேட்கிறார்கள். சம்பளம் கிடையாது, "நம்ம காலேஜ்தானே" என்கிறார்கள். போகலாமா மேடம்?
— முன்னாள் வீராங்கனை, திருப்பரங்குன்றம்

பதில்: ஒரு மாதம் போ, அதற்கு மேல் வேண்டாம். அமெரிக்காவில்கூட முதல் பிரிவு அணிகளில் "தன்னார்வப் பயிற்சியாளர்" என்று சம்பளமில்லாத ஓர் இடம் நெடுங்காலம் இருந்தது. ஊதியம் பெறுபவர் செய்யும் அதே வேலையை அவர் செய்வார். 2023 ஜூலையில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டு, சம்பளம் தரத்தக்க பயிற்சியாளர்களின் எண்ணிக்கையை உயர்த்தினார்கள். நீ இலவசமாகப் போனால், அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பயிற்சியாளர் என்ற வரியே இருக்காது. உனக்குப் பின் வருபவளிடமும் "நம்ம காலேஜ்தானே" என்பார்கள். சம்பளம் இல்லாதவளுக்குப் பொறுப்பும் எழுத்தில் இருக்காது, ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தால் மட்டும் பொறுப்பு உன் தலையில் விழும்.

முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம், மாதம் எவ்வளவு என்று மூன்று வரி போதும். தொகுப்பூதியமாக இருந்தாலும் பணி ஆணை வேண்டும் என்று நான்காவது வரியில் கேள். திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் இந்த ஆண்டு பயிற்சியாளர் தேவைப்படலாம் என்பதை இதே பக்கத்தில் மேலே படித்திருப்பாய். உன் விவரங்களை இதழ் அலுவலகத்துக்கு அனுப்பினால் அந்த இயக்குநரிடம் சேர்த்துவிடுகிறேன்.